அத்தியாயம் 7: குடல் பரிசோதனைக்குச் சம்மதம்

லண்டனில் ஒரு ஜீ.பி சர்ஜரியின் கணினியில் 50 வயது தாண்டிய தமிழர் ஒருவரின் கோப்பைத் திறந்தால் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: "குடல் புற்றுநோய்ப் பரிசோதனை அழைப்பு, பதில் இல்லை." அவர் வேண்டாம் என்று சொன்னதாக அந்த வரியில் இல்லை. பதில் வரவில்லை, அவ்வளவுதான். வேலைப் பளுவில் நாங்கள் அதை "மறுத்துவிட்டார்" என்று வாசித்துப் பழகிவிட்டோம்.

அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஆளிடமே கேட்கத் தொடங்கினேன். உண்மையாகவே யோசித்து மறுத்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்குத் தபாலில் வந்த பரிசோதனைக் கிற் அலுமாரிக்கு மேல் இருந்தது. சிலருக்கு அது பழைய விலாசத்துக்குப் போயிருந்தது. "மகன் வந்து வாசித்துச் சொல்லட்டும்" என்று மேசையில் வைத்த கடிதம் மின்சாரப் பில்லோடு சேர்ந்து கிடந்தது. ஒரு ஐயாவின் வீட்டில் இரண்டிரண்டு வருட இடைவெளியில் வந்த மூன்று கிற்களும் பிரிக்கப்படாமல் நாட்காட்டிக்குக் கீழே அடுக்கியிருந்தன. "தபாலில் வந்த அரசாங்கப் பொருள், எறியக் கூடாது" என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவர் எதையும் மறுக்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த அத்தியாயம் இங்கிலாந்தின் சர்ஜரிகளில் வேலை செய்யும் தமிழ் வைத்தியர்கள், தாதியர், றிசெப்ஷனில் இருப்பவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் ஆகியோருக்கானது. வீட்டில் வயதான தாய் தகப்பனோடு இருக்கும் பிள்ளைகளும் வாசிக்கலாம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் திட்டங்கள் தனித்தனி. அங்கே உள்ளவர்கள் விதிகளைத் தங்கள் சர்ஜரியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்களோடு பேசும் முறை எங்கும் ஒன்றுதான்.

திட்டம் என்ன செய்கிறது

ஐக்கிய இராச்சியத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 44,000 பேருக்குக் குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. 16,000க்கும் மேற்பட்டோர் அதனால் இறக்கிறார்கள். புற்றுநோய் மரணங்களில் நுரையீரலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆனால் வேறு பல புற்றுநோய்களுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: அவசரப்படாமல் வளர்கிறது. பெருங்குடலின் உள்சுவரில் முதலில் ஒரு சதைமொட்டு தோன்றும். வைத்தியர்கள் அதைப் பொலிப் என்பார்கள். பெரும்பாலான பொலிப்கள் ஒரு தீங்கும் செய்யாமல் இருந்துவிடும். சில மட்டும், பெரும்பாலும் பத்து வருடமளவில், புற்றாக மாறும். அந்தப் பத்து வருடத்துக்குள் அதைக் கண்டு வெட்டி எடுத்துவிட்டால் புற்றுநோயே வராது. புற்றாக மாறிய பின்னும் ஆரம்ப நிலையிலேயே பிடித்தால் 10 பேரில் 9 பேருக்கு மேல் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள். ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பின் பிடித்தால் அது 10 பேரில் ஒருவர் என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

பொலிப்பும் ஆரம்பப் புற்றும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியும். மலத்தில் அந்த இரத்தத்தைத் தேடுவதுதான் பரிசோதனை. நொட்டிங்காமில் 1981இல் தொடங்கி ஒன்றரை இலட்சம் பேரை வைத்து நடத்திய ஆய்வு, இப்படித் தேடினால் குடல் புற்றுநோய் மரணம் 15 சதவீதம் குறைகிறது என்று 1996இல் காட்டியது. அதன் அடிப்படையில் 2006இல் இங்கிலாந்தில் தேசியத் திட்டம் தொடங்கியது. அப்போது 60 முதல் 69 வயது வரை. பிறகு 74 வரை நீண்டது. 2021இலிருந்து கீழ் வயதும் படிப்படியாக 50க்கு இறங்கியது. இப்போது 50 முதல் 74 வயது வரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிற் வீட்டுக்கு வரும். 75க்கு மேற்பட்டவர்கள் கேட்டால் அனுப்புவார்கள், தானாக வராது.

இதில் ஜீ.பியின் இடத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கிற்றை அனுப்புவது சர்ஜரி அல்ல, திட்டத்தின் பிராந்திய மையம். பெயரும் விலாசமும் மட்டும் ஜீ.பி பதிவிலிருந்து எடுக்கப்படுகின்றன. முடிவு ஜீ.பிக்கும் வரும். பதில் வராதவர்களின் விவரமும் வரும். "எங்கள் வேலை இல்லை, மையத்தின் வேலை" என்று பல சர்ஜரிகள் இதை ஒதுக்கிவிடுவது இதனால்தான். அது பெரிய பிழை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், அழைப்போடு சொந்த ஜீ.பியின் கடிதமும் வைத்து அனுப்பியபோது கிற்றைத் திருப்பி அனுப்பியவர்கள் நூற்றுக்கு 6 பேர் அளவில் கூடினார்கள். எப்படிச் செய்வது என்று விளக்கும் துண்டுப்பிரசுரத்தையும் சேர்த்தபோது இன்னும் ஏறத்தாழ அதே அளவு கூடியது. ஒரு கடிதத்துக்கே இவ்வளவு என்றால், எதிரே இருந்து தமிழில் பேசும் குரலுக்கு எவ்வளவு என்று யோசியுங்கள்.

எங்கள் ஆட்களுக்கு அந்தக் குரல் இன்னும் கூடுதலாகத் தேவை. கொவென்ட்ரி, வார்விக்ஷயர் பகுதிகளில் 2000இல் முன்னோடித் திட்டம் நடந்தபோது, தெற்காசியர் அல்லாதோரில் ஐந்தில் மூன்று பேர் கலந்துகொண்டார்கள். தெற்காசியரில் கலந்துகொண்டது மூன்றில் ஒருவர்தான். தமிழர் அந்தக் கணக்கில் தனிக் குழுவாகப் பிரிக்கப்படவில்லை. ஆனாலும் ஹரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஒரு சர்ஜரியில் ஒரு வாரம் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புதிதாக இருக்காது.

அருவருப்பு ஒரு காரணம்தான், அதை மதியுங்கள்

தொடக்க காலப் பரிசோதனை உண்மையிலேயே சிரமமானது. மூன்று தனித்தனி நாட்களில் போன மலத்திலிருந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு இடத்தில் சிறு அட்டைக் குச்சியால் எடுத்து, மட்டையில் பூச வேண்டும். மொத்தம் ஆறு தடவை. அந்த மட்டையை நாட்கணக்கில் வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். பூசை அறையும் சமையலறையும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டறை ஃபிளாட்டில் ஒரு அம்மா இதை எங்கே வைப்பார்? செய்யாமல் விட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

2019 யூனில் இங்கிலாந்து முழுவதும் ஃபிட் என்ற புதிய பரிசோதனைக்கு மாறியது. இதற்கு ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சிறு குப்பி போதும். அதற்கு முன் 2014இல் செய்த ஒத்திகையிலேயே கலந்துகொள்வோர் நூற்றுக்கு 7 பேர் அளவில் கூடிவிட்டார்கள். முன்பு ஒருபோதும் பதில் அனுப்பாதவர்கள் மத்தியில் இது ஏறத்தாழ இரண்டு மடங்கானது. எந்தப் பிரசாரமும் இதைச் செய்யவில்லை. அருவருப்பைக் குறைத்தார்கள், ஆட்கள் வந்தார்கள். ஆகவே "இதில் என்ன வெட்கம்?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். வெட்கம் இருக்கிறது. அதைக் குறைக்க வழி சொல்லிக்கொடுங்கள்.

பழைய மட்டையோடு போராடியவர்கள் இன்னும் அந்த நினைவிலேயே இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். "முந்தி ஒருக்கா வந்தது, சரிவரேல்லை" என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் 2019க்கு முந்திய கதை. "இப்ப அது இல்லை, மாத்திப்போட்டினம்" என்று சொல்வதே பாதி வேலை.

கையில் காட்டிக் கொடுப்பது

ஒரு மாதிரிக் கிற்றை மேசை இழுப்பறையில் வைத்திருங்கள். ஐந்து நிமிடப் பேச்சைவிட அதை ஒருமுறை திறந்து காட்டுவது மேல். நான் சொல்லும் முறை இது.

முதலில் குப்பியில் திகதியை எழுதுங்கள். பின்னர் எழுதலாம் என்று விட்டால் மறந்துவிடும், திகதி இல்லாத குப்பியைப் பரிசோதிக்க முடியாமல் திரும்ப வேறு கிற் அனுப்புவார்கள். அடுத்தது மலத்தைப் பிடிப்பது. இங்கேதான் எங்கள் ஆட்கள் தடுமாறுகிறார்கள், துண்டுப்பிரசுரம் இதில் அதிகம் உதவுவதில்லை. மலம் ரொய்லெற் கோப்பையின் தண்ணீரில் படக் கூடாது. எங்கள் வீடுகளில் குறையாத ஒரு பொருள் வெறும் ஐஸ்கிறீம் பெட்டி. ஒன்றை நன்றாகக் கழுவி, துடைத்து, உள்ளே ரொய்லெற் பேப்பரை விரித்துப் பிடித்தால் போதும். அல்லது கோப்பைக்குள்ளேயே பேப்பரைத் தடிப்பாக அடுக்கி அதன் மேல் விழச் செய்யலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவுவது, மாதிரியை எடுத்த பிறகுதான். இந்த ஒழுங்கை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் பழக்கத்தில் கை முதலில் தண்ணீருக்குத்தான் போகும்.

பிறகு குப்பியின் மூடியைத் திருகி இழுத்தால் அதோடு சேர்ந்து ஒரு குச்சி வரும். நுனியில் சிறு வரிப்பள்ளங்கள் இருக்கும். அந்தப் பள்ளங்கள் மூடும் அளவுக்கு மட்டும் மலத்தின் மேல் உரசுங்கள். கூடுதலாக எடுத்தால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். தேவையில்லை, பரிசோதனைக்கும் அது இடைஞ்சல். குச்சியைத் திரும்பக் குப்பிக்குள் விட்டு "கிளிக்" என்று சத்தம் வரும்வரை மூடுங்கள். பின்னர் திறக்க வேண்டாம். மூடிய குப்பியிலிருந்து மணம் வராது. கூடவே வந்த உறையில் போடுங்கள். முத்திரை ஒட்டத் தேவையில்லை. அன்றோ மறுநாளோ தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிடலாம், தபால் கந்தோருக்குப் போய் யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. முடிவு இரண்டு வாரத்துக்குள் கடிதமாக வரும்.

எல்லாம் காட்டிய பின், "இப்ப நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ, என்ன செய்வீங்கள்?" என்று கேளுங்கள். விளங்கினதோ என்று மட்டும் கேட்டால் எங்கள் பெரியவர்கள் மரியாதைக்காக "ஓம்" என்றுதான் சொல்வார்கள்.

விரதம், துடக்கு என்று நாள் பார்ப்பவர்களிடம் வாதிட வேண்டாம். கிற் அவசரமாகக் கெட்டுப்போகும் பொருள் அல்ல. அடுத்த வாரத்தில் ஒரு நாளை அவர்களையே சொல்லச் சொல்லி, அந்த நாளை நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். நாள் குறித்தவர்கள் பெரும்பாலும் செய்துவிடுகிறார்கள்.

பேச்சை எங்கே தொடங்குவது

"கான்சர் ரெஸ்ற் செய்தீங்களோ?" என்று தொடங்கினால் முகம் மூடிவிடும். கான்சர் என்ற சொல்லையே ஒளித்துவிட்டு "சும்மா ஒரு ரெஸ்ற்" என்பதும் சரியில்லை. பின்னால் கடிதத்தில் அந்தச் சொல்லைக் கண்டதும் எங்களை நம்ப மாட்டார்கள். கிற்றில் தொடங்கி, குடலுக்கு வந்து, கடைசியில் கான்சரைச் சொல்லுவதே நான் கண்ட நல்ல ஒழுங்கு. "வெளிக்குப் போறது" என்ற எங்கள் ஊர்ச் சொல் இதற்கு நன்றாக உதவும். மலம் என்று சொன்னால் ஆய்வுகூட மணம் வருகிறது, வேறு சொற்கள் கூச்சத்தைக் கூட்டுகின்றன.

இரத்த அழுத்தம் பார்க்க வந்த ஒரு அன்ரியோடு எங்கள் தாதி பேசியதை அப்படியே தருகிறேன்.

"அன்ரி, என்.எச்.எஸ்ஸிலை இருந்து ஒரு கிற் தபாலிலை வந்திருக்குமே. வந்ததோ?"

"வந்தது பிள்ளை. எனக்குத்தான் ஒரு வருத்தமும் இல்லையே."

"வருத்தம் இல்லாத ஆக்களுக்குத்தான் அன்ரி அது வாறது. வருத்தம் எண்டால் நாங்கள் வேறை ரெஸ்ற் செய்வம்."

"மருமகனும் இருக்கிற வீட்டிலை உதெல்லாம் எப்பிடிப் பிள்ளை..."

"ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை. ரொய்லெற்றுக்குள்ளை நீங்கள் தனியச் செய்யிறது, ரெண்டு நிமிசம். பிறகு உறையிலை போட்டு ஒட்டினால் சாதாரண லெற்றர் மாதிரித்தான். இஞ்சை பாருங்கோ, காட்டுறன்."

"டொக்டரும் செய்யச் சொன்னவரோ?"

"ஓம். டொக்டர் தன்ரை அம்மாவையும் செய்ய வைச்சவர்."

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். டொக்டரும் சொன்னாரா என்ற கேள்விக்காகத்தான் முழுப் பேச்சும் காத்திருந்தது. கோவில் மண்டபத்தில் 200 பேருக்கு நடக்கும் கருத்தரங்கை நான் மதிக்கிறேன். ஆனால் தன் கோப்பைப் பார்த்து, தன் பெயரைச் சொல்லி, "நீங்கள் செய்யுங்கோ" என்று சொல்லும் வைத்தியருக்கு அது ஈடாகாது. அந்தத் தாதி சொன்னது உண்மை, ஆகவே சொன்னார். உங்கள் வைத்தியர் அப்படிச் செய்திராவிட்டால் சொல்ல வேண்டாம்.

வரும் பதில்களும் கொடுக்க வேண்டிய பதில்களும்

"நான் மரக்கறிதான், எனக்கு வராது." சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது சரி. அவற்றைச் சாப்பிடாதவர்களுக்கு வராது என்பது சரியில்லை. வயதுதான் இதில் பெரிய காரணம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஃபிட் மனித இரத்தத்தின் புரதத்தை மட்டுமே காட்டும். ஆட்டிறைச்சி சாப்பிட்டவருக்கும் மரக்கறிக்காரருக்கும் பரிசோதனை ஒரே மாதிரித்தான், முதல் நாள் எதையும் விலக்கத் தேவையில்லை.

"எனக்கு மூலம் இருக்கு, இரத்தம் வாறது அதாலைதான்." இதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் பதில். மூலம் இருப்பவருக்கும் பொலிப் இருக்கலாம். இரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அந்த ஆள் தபாலில் வரும் கிற்றுக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே வைத்தியரைப் பார்க்க வேண்டும். றிசெப்ஷனில் இந்தச் சொல் காதில் விழுந்தால் அங்கேயே நேரம் பதிந்துகொடுங்கள்.

"வந்தால் வரட்டும், கடவுள் விட்ட வழி. தெரியாமல் போறதுதான் நல்லது." இதற்கு உடனே பதில் சொல்லாதீர்கள். பெரும்பாலும் இதற்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கும். ஊரிலே கடைசிக் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு அண்ணன், போர்க்காலத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியாமல் போன ஒரு தாய். கான்சர் என்றால் முடிவு என்று அவர்கள் கண்ணால் கண்டவர்கள். முதலில் அந்தக் கதையைக் கேளுங்கள். பிறகு, இறந்தவருக்கு இப்படி ஒரு பரிசோதனை அப்போது கிடைத்திருந்தால் நோய் எந்தக் கட்டத்தில் தெரிந்திருக்கும் என்று மெதுவாகச் சொல்லலாம். இதை ஒரே சந்திப்பில் முடிக்க முயலாதீர்கள். அடுத்த முறை மருந்துச் சீட்டுக்கு வரும்போது தொடரலாம்.

பயம் என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு உதவுகிறது: கிற் அனுப்பும் 100 பேரில் 98 பேர் அளவுக்கு மேலதிகப் பரிசோதனை எதுவும் தேவைப்படுவதில்லை.

சர்ஜரிக்குள் செய்ய வேண்டியது

விலாசம். இதைவிட முக்கியமான ஒரு வேலை இல்லை. வாடகை வீடு மாறும்போது வங்கிக்கும் பிள்ளைகளின் பாடசாலைக்கும் சொல்லும் குடும்பங்கள் ஜீ.பிக்குச் சொல்ல மறந்துவிடுகின்றன. யார் வந்தாலும் "விலாசம், ஃபோன் நம்பர் மாறினதோ?" என்று கேட்பதை றிசெப்ஷனில் பழக்கமாக்குங்கள். கிற் தொலைந்தால், கெட்டால், வராமலே போனால் 0800 707 60 60 என்ற இலவச எண்ணை அழைத்துப் புதிதாகக் கேட்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவருக்கு, அவர் பக்கத்தில் இருக்கும்போதே நீங்கள் அழைத்துக் கொடுங்கள். அந்த மூன்று நிமிடத்தில் ஒரு "பதில் இல்லை" மறைந்துவிடும்.

ஒக்டோபரில் காய்ச்சல் ஊசிக்கு வரும் கூட்டம் நல்ல வாய்ப்பு. சலரோகப் பரிசோதனைக்கு வருபவர்களும் அப்படியே. கணவன் மனைவி இருவரும் வந்தால் மனைவியிடம் முதலில் கேளுங்கள் என்பது என் அனுபவம். அவர் செய்தால் மற்றவரையும் செய்ய வைத்துவிடுவார்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவதைத் தவிர்க்க வேண்டும். மகன் முன்னால் ஒரு தாய் இதைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது சர்ஜரியின் பொறுப்பு, நோயாளிக்கு அதில் செலவில்லை.

கடிதம் "மேலும் பார்க்க வேண்டும்" என்று வந்தால்

ஃபிட் முடிவைத் தமிழில் சொல்லும்போது "பொசிற்றிவ்" என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். "பொசிற்றிவ் எண்டால் நல்லதுதானே" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். நல்லவேளை, அடுத்த நாளே தாதி திரும்ப அழைத்தார். "இரத்தம் கூடக் காட்டியிருக்கு, எங்கேயிருந்து வருகுது எண்டு உள்ளே பார்க்க வேணும்" என்பது தெளிவானது. அதோடு உடனே சொல்ல வேண்டியது: இப்படிக் கடிதம் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

உள்ளே பார்ப்பதற்குப் பெயர் கொலனோஸ்கோப்பி. வளையும் மெல்லிய குழாயை ஆசனவாயில் வழியாக விட்டு, கமராவால் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பார்கள். பொலிப் கண்டால் அப்போதே எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் திட்டத்தின் விசேட தாதி ஒருவர் பேசி, மருந்துகளையும் உடல்நிலையையும் கேட்டறிவார். கிற்றை அனுப்பிவிட்டுக் கொலனோஸ்கோப்பிக்குப் போகாமல் விடுபவர்கள்தான் உண்மையில் ஆபத்தில் இருக்கிறார்கள். நீங்கள் எந்த ஒரு அழைப்பையும் எடுக்க நேரமில்லாமல் இருந்தாலும் இந்த அழைப்பை எடுங்கள்.

அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் தயாரிப்புத்தான். குடலைச் சுத்தம் செய்யும் மருந்து குடிக்க வேண்டும், அதற்கு முன் சில நாட்கள் நார் குறைந்த சாப்பாடு. கொடுக்கும் தாளில் வெள்ளைப் பாணும் உருளைக்கிழங்கும் எழுதியிருக்கும். எங்கள் சமையலுக்கு மாற்றிச் சொன்னால் இப்படி: வெள்ளைச் சோறு சாப்பிடலாம். வெள்ளை மா இடியப்பம் சரி, சிவப்பரிசியும் குரக்கனும் வேண்டாம். மீன், கோழி, முட்டை சரி. பருப்பு, கடலை, கீரை, முருங்கைக்காய், விதையுள்ள கத்தரி, தேங்காய்ச் சம்பல் எல்லாம் நிறுத்த வேண்டும். திரவம் மட்டும் என்று சொன்ன பிறகு பால்தேநீர் இல்லை, பிளேன்ரீ குடிக்கலாம். நெக்டோ மாதிரிச் சிவப்புப் பானம் தொடக் கூடாது, உள்ளே இரத்தம் போலத் தெரியும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சலரோக மருந்து, இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் தாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது, அந்தத் தாதியிடம் கேட்டே செய்ய வேண்டும்.

பெண் வைத்தியர் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேட்கலாம், கிடைக்க முயல்வார்கள். மயக்க மருந்து எடுத்தால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும். தனியே இருக்கும் பெரியவர்கள் இதற்காகவே வராமல் விடுகிறார்கள், ஆகவே யார் கூட வருவார் என்று முதலே கேட்டுவிடுங்கள். ஆபத்தையும் மறைக்க வேண்டாம். இரத்தம் கசியலாம், குடலில் துளை விழவும் கூடும். துளை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

"எனக்கு ஒன்றுமில்லை" என்ற கடிதத்துக்குப் பிறகு

இதை ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். ஃபிட் இரத்தம் இருக்கும் நேரத்தில்தான் காட்டும். கசியாத பொலிப் தப்பிவிடும். அதோடு, தபாலில் வரும் பரிசோதனையில் மேலும் பார்ப்பதற்கான எல்லை உயர்வானது. 2019இல் இங்கிலாந்தில் அது ஒரு கிராம் மலத்துக்கு 120 மைக்ரோகிராம் இரத்தப்புரதம் என்று வைக்கப்பட்டது. அறிகுறியோடு வருபவருக்கு ஜீ.பி செய்யும் ஃபிட்டில் எல்லை 10தான். ஆகவே போன மாதம் "மேலும் பார்க்கத் தேவையில்லை" என்று கடிதம் வந்தவருக்கு இந்த மாதம் மலத்தில் இரத்தம் போனாலோ, வெளிக்குப் போகும் பழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தாலோ, காரணமின்றி மெலிந்தாலோ, இரத்தச்சோகை கண்டாலோ அந்தக் கடிதம் எதையும் தீர்மானிக்காது. ஜீ.பியைப் பார்க்க வேண்டும். 50க்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் இதே விதி. தாய், தகப்பன், சகோதரங்களில் யாருக்காவது இளவயதில் குடல் புற்றுநோய் வந்திருந்தால் வயதைப் பார்க்காமல் ஜீ.பியிடம் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் கேட்டு, விளங்கி, ஒருவர் "எனக்கு வேண்டாம்" என்றால் அது அவருடைய முடிவு. கோப்பில் அப்படியே எழுதுங்கள், முகம் மாறாமல் அவரைப் பாருங்கள், இரண்டு வருடத்தில் கிற் மறுபடியும் வரும் என்று சொல்லி அனுப்புங்கள். 70 வயதைத் தாண்டி, வேறு கடும் நோய்களோடு இருக்கும் ஒருவருக்கு அது சரியான முடிவாகவும் இருக்கலாம். கணினியில் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக யாரையும் நெருக்க வேண்டாம்.

ஆனால் "பதில் இல்லை" என்ற வரியை முடிவாக எடுத்துவிடாதீர்கள். நாளைக் காலை உங்கள் பட்டியலில் முதலில் வரும் ஐந்து தமிழ்ப் பெயர்களின் கோப்பைத் திறந்து பாருங்கள். அந்த வரி இருந்தால் ஃபோனை எடுத்துக் கேளுங்கள்: "ஐயா, கிற் வந்ததோ? இப்ப எங்கை வைச்சிருக்கிறீங்கள்?"